எல்லாப் பக்கங்களிலும் தன் முகத்தையே காணும் குழந்தை

சனிக்கிழமை காலைகளில் எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவது சில ஆண்டுகளாக என் வழக்கம். வாசித்து முடித்ததும் ஆளுக்கொரு தாளும், பொதுவில் ஒரு டப்பா கிரையான்களும் தருவோம். அண்மையில் ஒரு நாள், வீட்டில் இருப்பவர்களை வரையச் சொன்னேன். இரண்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி அம்மா, அப்பா, பாட்டி, தான் என நால்வரை வரைந்துவிட்டு, பக்கத்தில் இருந்த பையனிடம் “அந்த ஸ்கின் கலரைக் குடு” என்றாள். அவன் எடுத்துக் கொடுத்தது வெளிறிய இளஞ்சிவப்பு. என்னையும் சேர்த்து அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அந்த நிறத்தில் தோல் இல்லை. நான் டப்பாவிலிருந்து பழுப்பு நிறக் கிரையானை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. “அது மரத்துக்கு சார்” என்றாள்.

அவளுக்கு இதை எவரும் பாடமாக நடத்தவில்லை. மனிதத் தோலுக்கென்று ஒரு நிறம் உண்டு, அது தன்னுடைய நிறம் இல்லை என்பதை ஏழு வயதுக்குள் அவள் தானாகவே தெரிந்துகொண்டிருக்கிறாள். கிரையான் டப்பா, தொலைக்காட்சி விளம்பரம், நான் சற்று முன்பு வாசித்துக் காட்டிய புத்தகம் ஆகிய எல்லாம் சேர்ந்து கற்றுக்கொடுத்த பாடம் அது. அன்று நூலகத்தின் குழந்தைகள் அலமாரியில் இருந்த படப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினேன். அம்மாக்களும் இளவரசிகளும் சமர்த்துப் பிள்ளைகளும் வெளிறிய நிறத்தில் இருந்தார்கள். கறுப்பாக இருந்தவர்கள் அரக்கர்களும் திருடர்களும்தான். காலனித் தெருவில் வாழும் ஒரு குழந்தையோ, தொழுகைத் தொப்பி அணிந்த ஒரு தாத்தாவோ, சக்கர நாற்காலியில் அமர்ந்த ஒரு சிறுவனோ எந்தப் பக்கத்திலும் தென்படவில்லை.

குழந்தைப் புத்தகங்களில் பன்முகத்தன்மை வேண்டும் என்று பேசும்போதெல்லாம், இந்தச் சிறுமியைப் போல விடுபட்ட குழந்தைகளுக்காகவே பேசுகிறோம். அது முற்றிலும் நியாயமானது. ஆனால், எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் தன் வீட்டையும் தன் சாமியையும் தன் சாப்பாட்டையுமே காண்கிற இன்னொரு குழந்தையும் இருக்கிறது. பன்முகத்தன்மையைச் சொல்லும் புத்தகம் மிக அவசரமாகத் தேவைப்படுவது அந்தக் குழந்தைக்குத்தான் என்பது என் வாதம்.

1962 என்னும் ஆண்டு

அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம், அந்த வெளிறிய நிறத்துக்கு நெடுங்காலம் ‘ஃபிளெஷ்’, அதாவது சதை நிறம் என்று பெயரிட்டிருந்தது. 1962-ல் அதை விலக்கிவிட்டு, பீச் பழத்தின் பெயரைச் சூட்டியது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் பிள்ளைகளின் வாயில் அது ‘ஸ்கின் கலர்’தான்.

அதே 1962-ல் எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி வரைந்த ‘தி ஸ்னோயி டே’ என்ற படப் புத்தகம் வெளிவந்தது. போலந்திலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்கு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர் கீட்ஸ். ‘லைஃப்’ இதழிலிருந்து 1940-ல் வெட்டியெடுத்த ஒரு கறுப்பினச் சிறுவனின் படங்களை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதுகாத்துவைத்திருந்தார். அந்தச் சிறுவனே புத்தகத்தில் பீட்டர் ஆனான். கதை மிக எளியது. காலையில் எழும் பீட்டர் சிவப்பு அங்கியை மாட்டிக்கொண்டு பனியில் விளையாடப் போகிறான், கால்தடம் பதிக்கிறான், ஒரு பனி உருண்டையைப் பைக்குள் பத்திரப்படுத்துகிறான், வீட்டுக்கு வந்தால் அது காணாமல் போயிருக்கிறது. அவனுடைய நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவன் யாரையும் திருத்தவில்லை, எதையும் வென்று காட்டவில்லை. எல்லாக் குழந்தைகளையும் போலப் பனியில் விளையாடுகிறான், அவ்வளவே.

அந்தப் புத்தகம் 1963-ல் கால்டிகாட் பதக்கம் பெற்றது. 2020-ல் நியூயார்க் பொது நூலகம், தன் 125 ஆண்டு வரலாற்றில் மிக அதிகமாக இரவல் பெறப்பட்ட புத்தகங்களின் பட்டியலை வெளியிட்டபோது, முதலிடத்தில் இருந்ததும் இதுதான்: 4,85,583 முறை. அத்தனை முறை எடுத்துச் சென்றவர்கள் கறுப்பினக் குழந்தைகள் மட்டுமாக இருந்திருக்க முடியாது. பல லட்சம் இரவுகளில், பலவிதமான வீடுகளில், பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் குழந்தைகளின் படுக்கைக்கு அருகே வந்துபோயிருக்கிறான்.

ஆனால், பீட்டர் விதிவிலக்காகவே இருந்தான். கல்வியாளர் நான்சி லாரிக் 1965-ல் ‘சாட்டர்டே ரிவ்யூ’ இதழில் எழுதிய கட்டுரை அதை எண்களால் நிறுவியது. 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 குழந்தைப் புத்தகங்களில், ஒரு கறுப்பினப் பாத்திரமாவது இடம்பெற்றவை 349 மட்டுமே. அதாவது 6.7 சதவீதம். புத்தகத்தில் இருப்பவர்கள் ஏன் எப்போதும் வெள்ளைக் குழந்தைகளாகவே இருக்கிறார்கள் என்று ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வியில் அந்தக் கட்டுரை தொடங்குகிறது. லாரிக்கின் கவலை அந்தச் சிறுமியோடு நிற்கவில்லை. வெள்ளைக் குழந்தைகள் மட்டுமே நிறைந்த புத்தகங்கள் வெள்ளைக் குழந்தைகளுக்கு என்ன செய்கின்றன என்றும் அவர் கேட்டார்.

கண்ணாடியும் சாளரமும்

இந்தச் சிந்தனைக்கு நிலைத்த வடிவம் தந்தவர் ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1990-ல் எழுதிய சிறு கட்டுரையில், புத்தகங்களைக் கண்ணாடி என்றும் சாளரம் என்றும் அவர் உருவகித்தார். தன்னைத் தானே காண்பதற்குக் கண்ணாடி. பிறர் வாழ்வைக் காண்பதற்குச் சாளரம். அந்தச் சாளரமே சில நேரங்களில் உள்ளே நுழைந்துபோகும் கண்ணாடிக் கதவாகவும் ஆகும். இன்று குழந்தை இலக்கியம் பற்றிய எந்தக் கருத்தரங்கிலும் இந்த உருவகம் ஒலிக்கிறது. ஆனால், அவர் சொன்ன இன்னொரு செய்தியைப் பலர் கடந்துபோய்விடுகிறார்கள். எங்கு திரும்பினாலும் தன் பிம்பத்தையே காணும் குழந்தை, உலகில் தனக்குள்ள இடத்தை மிகைப்படுத்திப் புரிந்துகொண்டு வளரும் என்பதே அது.

குழந்தைகளுக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது, நாமாக ஏன் புகுத்த வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் இணையர் 1940-களில் நடத்திய பொம்மைச் சோதனை இதற்கு விடை சொல்லும். நிறத்தைத் தவிர வேறு வேறுபாடு இல்லாத பொம்மைகளை, மூன்று முதல் ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டினார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்ல பொம்மையாகத் தேர்ந்தெடுத்தன. பள்ளிகளில் இனப் பாகுபாட்டைச் சட்டவிரோதம் என்று அறிவித்த 1954-ம் ஆண்டின் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இந்த ஆய்வையும் கருத்தில் கொண்டது. குழந்தை பள்ளிக்கு வருவதற்கு முன்பே உலகம் அதனிடம் பேசத் தொடங்கிவிடுகிறது. நாம் மௌனமாக இருந்தால் உலகத்தின் குரல் மட்டுமே அதன் காதில் விழும்.

முன்னேறியதும் பின்வாங்கியதும்

பிரிட்டனில் தொடக்கக் கல்வியில் எழுத்தறிவுக்கான மையம் ஒன்று, குழந்தைப் புத்தகங்களில் சிறுபான்மை இனப் பாத்திரங்கள் எந்த அளவுக்கு இடம்பெறுகின்றன என்று ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 2017-ல் வெளியானவற்றில் அத்தகைய பாத்திரம் இடம்பெற்றவை 4 சதவீதம். அவர்களே முதன்மைப் பாத்திரமாக இருந்தவை வெறும் 1 சதவீதம். அந்த விகிதம் 2022-ல் 30 சதவீதமாக உயர்ந்தது. அடுத்த ஆண்டே 17 சதவீதமாகச் சரிந்தது. கவனம் இருக்கும்வரை ஏறும், கவனம் கலைந்தால் இறங்கும் என்பதே இதன் பாடம்.

அமெரிக்காவில் எதிர்ப்பு நீதிமன்றம் வரை சென்றது. மெரிலாண்ட் மாநிலத்தின் மாண்ட்கோமரி கவுண்டிப் பள்ளிகள், தன்பாலின இணையரும் திருநர் குழந்தைகளும் இடம்பெறும் படப் புத்தகங்களை வகுப்பறை வாசிப்பில் சேர்த்தன. விரும்பாத பெற்றோர் தம் பிள்ளைகளை அந்த நேரத்தில் விலக்கிக்கொள்ள முதலில் அனுமதி இருந்தது. 2023-ல் அது திரும்பப் பெறப்பட்டது. இஸ்லாமிய, கிறிஸ்தவப் பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம், வழக்கு முடியும்வரை அந்தப் பெற்றோருக்கு முன்கூட்டித் தெரிவித்து, பிள்ளைகளை விலக்கிக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்று 6-3 என்ற பெரும்பான்மையில் கூறியது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி சோனியா சோட்டோமேயர், பலவகைப் பின்னணி கொண்டவர்களுடன் வாழப் பழகும் வாய்ப்பைப் பொதுப் பள்ளிகள் இழந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டார்.

தம் நம்பிக்கைக்கு மாறானது பிள்ளைக்குக் கற்பிக்கப்படுகிறது என்று அஞ்சும் பெற்றோரை நான் இகழ மாட்டேன். பள்ளி அவர்களோடு பேசியிருக்க வேண்டும். ஆனால், இந்தக் கேள்வியை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்க்கும்போது எனக்கு அச்சமாக இருக்கிறது. காலனியில் வாழும் சிறுமி நாயகியாக வரும் கதையைத் தம் பிள்ளை கேட்கக் கூடாது என்று ஒரு பெற்றோர் விலக்குக் கேட்டால், நம் தலைமையாசிரியர் என்ன பதில் சொல்வார்?

இது வெறும் கற்பனை இல்லை. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் விரிவுபடுத்தப்பட்ட 2023-ல், செப்டம்பர் மாதம், தூத்துக்குடி மாவட்டக் கிராமம் ஒன்றில் தலித் பெண் சமைக்கிறார் என்பதால் குழந்தைகள் உணவைத் தவிர்க்கிறார்கள் என்ற செய்தி வெளியானது. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் சென்று, பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்டார்கள். பசியோடு இருக்கும் ஆறு வயதுக் குழந்தை தட்டை ஒதுக்கும் காரணத்தைத் தானே கண்டுபிடித்திருக்காது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் நாங்குநேரி. ஆகஸ்ட் 9 அன்று இரவு, பிளஸ் டூ படித்த தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்களில், உடன் படித்தவர்கள் இருந்தார்கள். இதையடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதியை நீக்குவது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்வது ஆகிய பரிந்துரைகள் பெரிதும் விவாதிக்கப்பட்டன. அவை தேவையே. ஆனால், கயிறு கையில் ஏறுவது பதினான்கு வயதில். மனதில் அது ஏறிவிடுவது அதற்கு வெகுகாலம் முன்பு, படப் புத்தகம் வாசிக்கும் வயதில்.

வேடப் போட்டியும் உண்மை வாழ்வும்

இந்தியக் குழந்தைகளுக்குப் பன்முகத்தன்மை புதிதில்லையே என்று தோன்றலாம். ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்ற சார்ட் ஒட்டப்படாத வகுப்பறை ஏது? பஞ்சாபிக்குத் தலைப்பாகை, வங்காளிக்கு மீன், தமிழருக்கு வேட்டி, கேரளத்துக்குக் கதகளி. மாறுவேடப் போட்டியிலும் இதுவே. ஆடை, நடனம், பண்டிகை, பலகாரம் என்ற நான்குக்குள் நம் பன்முகத்தன்மை முடிந்துவிடுகிறது. தூரத்தில் இருப்பவரின் வேறுபாட்டை இப்படிக் கொண்டாடுவது எளிது. பக்கத்துத் தெருவின் வேறுபாடு அந்தச் சார்ட்டில் இடம்பெறுவதே இல்லை.

அதைத் தொட்ட புத்தகங்கள் நம்மிடமும் உண்டு. ஹைதராபாத்தின் ‘அன்வேஷி’ பெண்கள் ஆய்வு மையம் 2008-ல் கொண்டுவந்த ‘டிஃபரண்ட் டேல்ஸ்’ வரிசை, தலித், முஸ்லிம் வீடுகளின் குழந்தைப் பருவத்தைக் கதைகளாக்கியது. முகம்மது கதீர் பாபு எழுதிய கதையொன்றின் மையமே வீட்டில் சமைக்கப்படும் தலைக்கறிதான். நம் ஊரில் எத்தனையோ வீடுகளின் ஞாயிற்றுக்கிழமை அது. ஆயினும், பாடப் புத்தகத்தின் ‘சத்தான உணவு’ படத்தில் அதற்கு இடம் இல்லை. சென்னையின் ‘தூலிகா’ பதிப்பகம் 1996 முதல் தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் படப் புத்தகங்களை வெளியிட்டுவருகிறது. அதன் ‘மை நேம் இஸ் குலாப்’ புத்தகத்தில் வரும் சிறுமியின் தந்தை சாக்கடை சுத்தம் செய்பவர். வகுப்பில் கேலிக்கு ஆளாகும் அவள், அந்த வேலையைச் செய்ய ஓர் இயந்திரத்தைப் பற்றி யோசிக்கிறாள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தைவிட, ஒரு குழந்தைக்கு இந்தக் கதை தெளிவாகப் பேசும்.

நல்ல எண்ணமும் நல்ல புத்தகமும்

நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டவை எல்லாம் நல்ல புத்தகங்கள் என்று சொல்ல மாட்டேன். வாசித்துக் காட்டும்போது குழந்தைகள் நெளியத் தொடங்கும் பக்கம் பெரும்பாலும் அறிவுரை தொடங்கும் பக்கமாகவே இருக்கும். சில புத்தகங்களில் மாற்றுத்திறனாளிக் குழந்தை, பிற குழந்தைகள் இரக்கம் கற்றுக்கொள்வதற்காக மட்டுமே வருகிறது. ஏழைக் குழந்தை எப்போதும் மிக நேர்மையாக இருக்கிறது. காணாமல்போன பணப்பையை அதுவே கண்டெடுத்துத் தருகிறது. முஸ்லிம் குழந்தை ரம்ஜான் அன்று மட்டும் தோன்றி, அண்டை வீட்டாருக்குப் பிரியாணி கொடுத்துவிட்டு மறைந்துவிடுகிறது. மற்றக் குழந்தைகளைப் போலச் சோம்பலாகவும் குறும்பாகவும் பொறாமையோடும் இருக்கும் உரிமை இவர்களுக்கு ஏன் இல்லை?

அதனால்தான் பீட்டரை மறக்க முடியவில்லை. தன் பின்னணிக்கு விளக்கம் சொல்லாமல் ஒரு கதையின் நாயகனாக இருக்க முடிவதே முழுமையான அங்கீகாரம். அதற்காக, குலாப் போன்ற கதைகள் வேண்டாம் என்று பொருளில்லை. வாழ்க்கையில் அவமதிப்பு இருக்கும்வரை கதையிலும் அது இருக்க வேண்டும். இரண்டு வகையும் ஒரே அலமாரியில் அருகருகே இருக்கட்டும். இன்னொன்றும் உண்டு. கீட்ஸ் அந்தக் கறுப்பினச் சிறுவனை அன்போடு வரைந்தார். ஆனால், வெள்ளையர் ஒருவரே அதைச் செய்ய வேண்டியிருந்தது குறித்துப் பின்னாளில் கேள்விகள் எழுந்தன. அந்தக் கேள்வி நமக்கும் பொருந்தும். தலைக்கறியின் மணத்தை அந்த வீட்டில் வளர்ந்தவர் எழுதும்போது மட்டுமே அது பரிதாபமாகவோ வேடிக்கையாகவோ ஆகாமல், வெறும் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும்.

அலமாரிக்கு யார் பொறுப்பு?

நல்ல படப் புத்தகம் ஒன்றை வாங்குவது கூலி வேலை பார்க்கும் குடும்பத்துக்கு எளிதில்லை. வாங்க முடிந்த குடும்பங்களோ பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகத்தைத் தேடுகின்றன. எனவே, தமிழில் இதைச் செய்யும் வலு பொது அமைப்புகளுக்கே இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டத்தை 1948-ல் இயற்றிய மாநிலம் இது. சொத்து வரியோடு நாம் நூலக வரியும் செலுத்துகிறோம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை பிரித்து, சிறு புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்க்கிறது. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எவரும் அச்சிட்டும் கொள்ளலாம். வழிகள் திறந்தே இருக்கின்றன. அவற்றின் வழியே என்ன போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று செயல்கள் உடனடியாகச் சாத்தியம். ஒன்று, நூலகங்களுக்காக வாங்கப்படும் குழந்தைப் புத்தகங்களில் யார் இருக்கிறார்கள், யார் முதன்மைப் பாத்திரம் என்று ஆண்டுதோறும் எண்ணி வெளியிடுவது. எண்ணத் தொடங்கிய பிறகே அமெரிக்காவும் பிரிட்டனும் தம் அலமாரியைப் பார்த்தன. இரண்டு, விளிம்பில் வாழும் சமூகங்களைச் சேர்ந்த எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் படப் புத்தகம் உருவாக்கப் பயிற்சியும் நல்கையும் தருவது. மூன்று, இந்தப் புத்தகங்களை ‘அவர்களுடைய’ பள்ளிகளுக்கு மட்டும் அனுப்பாமல், ஆதிக்கச் சாதிப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளுக்கும், கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளுக்கும் சேர்ப்பது. நாங்குநேரி கற்றுத்தந்த பாடம் எதுவென்று கேட்டால், இந்த மூன்றாவதையே சொல்வேன். வெட்டுப்பட்ட பிள்ளைக்குத் தன்னம்பிக்கை தரும் புத்தகம் தேவை. அரிவாள் எடுத்த பிள்ளைக்கு, எட்டு வயதிலேயே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குள் போய்வரும் புத்தகம் தேவைப்பட்டிருந்தது.

ஒரு படப் புத்தகம் சாதியை ஒழித்துவிடாது. வீடும் தெருவும் கோயிலும் தேர்தலும் எதிர்த்திசையில் இழுக்கும்போது முப்பது பக்கம் என்ன செய்துவிடும் என்ற ஐயம் எனக்கும் உண்டு. ஆனாலும், அந்த வயதில் ஒரு குழந்தை தனக்கு அந்நியமான வீட்டுக்குள் யார் அனுமதியும் இன்றி நுழைய வேறு வழி இல்லை.

அடுத்த சனிக்கிழமை பீட்டரின் கதையைத் தமிழில் சொல்லிப் படங்களைக் காட்டினேன். பனியையே பார்த்திராத பிள்ளைகள். பீட்டரின் நிறத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பையில் வைத்த பனி எங்கே போனது என்று கிரையான் கொடுத்த அந்தப் பையன் மூன்று முறை கேட்டான். அந்தப் பக்கத்தை மறுபடி காட்டச் சொன்னான். டப்பாவில் இம்முறை நான்கைந்து பழுப்புகளை வாங்கிப் போட்டிருந்தேன். அந்தச் சிறுமி மீண்டும் வீட்டை வரைந்தாள். அம்மா, அப்பா, தான் ஆகிய மூவருக்கும் பழைய ‘ஸ்கின் கலர்’தான். பாட்டிக்கு மட்டும், சற்று யோசித்துவிட்டு, மரத்தின் நிறத்தை எடுத்தாள்.